பின்னால் வருகிற கார்

ப்யூக் காரை இந்த வருஷம் கொட்டகைக்கு யார் ஓட்டிப்போவது என்று புருஷன் ஹோல்கரும் சொல்லவில்லை, குன்வோரும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது, அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

ஹோல்கருக்குக் கண் போனது இந்த வசந்தத்தில்தான். முழுக்கப் போகவில்லை. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் சாம்பல் அப்பினாற்போல் இருக்கும். எதிரே நிற்கிற ஆளின் காது தெரியும், முகம் தெரியாது. டாக்டர் எழுதிப்போட்டதும் லைசென்ஸ் பறிபோயிற்று. மாதத்துக்கு ஒருமுறை ஃபாலுன் ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். நிறுத்தினால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும். போகிற வழி முழுக்கக் காடு. அவனை வோல்வோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போய்க் கூட்டி வருவது குன்வோர்.

அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று அந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஓய்வு பெறும்வரை அவளுக்கு நகராட்சியில் வேலை. தனியாகக் கிடக்கும் கிழடுகளின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, காலுறை மாட்டி, மாத்திரை கொடுக்கிற வேலை. பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடக்கும் பாதையில், விடிந்தும் விடியாத நேரத்தில், தீப்பெட்டி போன்ற ஒரு காரில் போவாள். குதிரை உயரக் காட்டுமான் குறுக்கே வந்து நின்றபோதுகூட வண்டியில் ஒரு கீறல் விழாமல் நிறுத்தியிருக்கிறாள்.

ஆனால் ப்யூக் வேறு. ஹோல்கர் மரமில்லில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்தது. வெளிர்பச்சை நிறம், பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை. கோடையில் புதன்கிழமை சாயங்காலங்களில் ஊரிலுள்ள இந்த மாதிரிக் கார்கள் எல்லாம் சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வரும். குன்வோர் தலையில் துணி கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். வாங்கிய புதிதில் ஒரு தடவை, "நான் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஏன், இது என்ன தையல் மெஷினா?" என்றான் ஹோல்கர். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை.

அக்டோபர் வந்தால், பனிக்கு ஒதுங்க, இந்தக் கார்கள் ஓலேயின் பண்ணைக் கொட்டகைக்குப் போகும். மே மாதம்தான் வெளியே வரும். கொண்டுபோய் விடுகிறவர் திரும்பி வருவதற்கு ஒரு வண்டி வேண்டுமே. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பளபளவென்று முன்னால் போவதெல்லாம் புருஷன்மார்கள், சேறு தெறித்த வண்டியில் பின்னால் போவதெல்லாம் பெண்டாட்டிமார்கள். குன்வோருக்கு ப்யூக்கின் முகத்தைவிட முதுகுதான் நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை அவள் காரைத் தயார்செய்தாள். ஹோல்கர் கராஜ் வாசலில் பீர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தான்.

"எண்ணெய் இறக்கறதுக்கு முன்னாடி எஞ்சினச் சூடாக்கு. ஆறிக் கெடந்தா அழுக்கெல்லாம் அடியிலயே தங்கிடும்."

"தெரியும்."

"கியரத் தொடாத கிழவி. சாவிய மட்டும் திருப்பு."

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் அடித்தொண்டையில் உறுமியது. ஸ்டியரிங் அவள் நினைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. காலுக்கடியில் எல்லாம் அதிர்ந்தது, கார் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. போதும் என்று ஹோல்கர் கையைக் காட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள்.

பிறகு அடியில் படுத்து எண்ணெயை இறக்கிப் புதிதாக ஊற்றினாள். உள்ளே காலியிடம் இருந்தால் ஈரம் கோத்துத் தொட்டி துருப்பிடிக்கும் என்று கேனில் வாங்கி வந்த பெட்ரோலை வாய் மட்டும் நிரப்பினாள். அடிப்பாகத்தைக் கழுவி, மேலே மெழுகு பூசி, இடுப்பு விட்டுப்போகும்வரை தேய்த்தாள். அசையாமல் நிற்கிற டயர் சப்பையாகாமல் இருக்கக் காற்றையும் அதிகமாக அடித்தாள்.

"காத்து கூடுதலா வச்சிருக்கு. நாளைக்கு மெதுவாத்தான் ஓட்டணும்," என்றாள். பேச்சுக்குக் கதவைத் திறந்துவிட்டாயிற்று, அவன் உள்ளே வரட்டும் என்று பார்த்தாள்.

"கென்டாகிட்டச் சொல்லிடறேன்," என்றான் ஹோல்கர்.

கென்டா டயர் கடையில் வேலை செய்கிறவன், அவர்கள் கார் கிளப்பில் ஒருவன்.

"கென்டாவா?"

"அவன்தான் ஓட்டறான்னு போன வாரமே அவன்கிட்டச் சொல்லிட்டேனே. நான் அவன் பக்கத்துல உக்காந்துக்குவேன். நீ வோல்வோவ எடுத்துட்டுப் பின்னால வா."

"கோடைத் திருவிழாவுல அவன் தன் காரையே பள்ளத்துல எறக்குனான் ஹோல்கர்."

"பள்ளம் யாருக்கும் வரும். அவனுக்கு இந்த வண்டியோட மனசு தெரியும்."

"எனக்குத் தெரியாதா?"

"நீ நல்லாத் தொடைப்ப. அத யாரு இல்லேன்னா?"

அவள் துணியை வாளியில் போட்டுப் பிழிந்தாள். பிழிந்து முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் கென்டா மேலுதட்டுக்குள் புகையிலையை அடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். "குன்வோர், ரொம்ப ஒட்டிக்கிட்டு வராத. நான் பிரேக் போட்டா ப்யூக்குக்கு முத்தம் குடுத்துடுவ!" ஹோல்கர் தொடையில் தட்டிச் சிரித்தான். அவள் ஒட்டாமல் பின்னால் போனாள். திருப்பங்களில் கென்டா காரை அகலமாக வெட்டினான், பெரிய வண்டி பழகாதவன் வெட்டுகிற மாதிரி. கொட்டகையில் ஆண்கள் ஓலேயோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எலி புகாமல் புகைக்குழாயில் இரும்புப் பஞ்சை அடைத்ததும், பேட்டரியைக் கழற்றியதும், கை பிரேக்கை விடுவித்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்ததும், போர்வை போர்த்தியதும் அவள். பிறகு இருவரையும் வோல்வோவில் வீடு கொண்டுவந்து சேர்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊசி. ஹோல்கர் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு நடையில் உட்கார்ந்திருந்தான். குன்வோர் சமையலறை மேசையில் காபியோடு இருந்தாள்.

"கெளம்பலையா?"

"கென்டாவக் கூப்பிடு."

"வெளையாடாத கிழவி."

"வெளையாடல. அவன் ஓட்டுவான். கூப்பிடு."

போனைத் தடவி எடுத்துக் கூப்பிட்டான். கென்டாவின் குரல் சமையலறைவரை கேட்டது. "ஆஸ்பத்திரிக்கா? கிழவா, பனி டயர் மாத்தற நேரம், ஊரே இங்க வரிசையில நிக்குது. குன்வோர் இருக்காளே!"

ஹோல்கர் போனை மடியில் வைத்தான். குன்வோர் எழுந்து வந்து அவன் எதிரே நின்றாள். சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தாள். 

"மே மாசம் ப்யூக்க நான் எடுக்கறேன். கொட்டகையிலேர்ந்து வீடு வரைக்கும், அவ்வளவுதான். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கெளம்பலாம்."

அவன் நிஜமாகவே யோசித்தான். பிறகு குனிந்தான். கயிற்று முடிச்சை விரலால் தேடி அவிழ்த்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தான்.

"அப்ப இன்னிக்கு ஊசி வேணாம்," என்றான்.

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். தன் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது என்றுதான் இத்தனை மாதமும் நினைத்திருந்தாள். கண்ணே போனாலும் பரவாயில்லை என்கிறவனிடம் எந்தச் சீட்டு செல்லும்? தன் விலை எவ்வளவு என்று கேட்காதவரை ஒருத்தி எப்படியோ இருந்துவிடலாம். கேட்டாயிற்று.

கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போதே கிளம்பினாலும் தாமதம்தான். அவன் வெறும் காலுறையோடு, ஒன்றும் நடக்காதது மாதிரி உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போன வீடுகளில் கடித்தவர்கள், காறித் துப்பியவர்கள், திருடி என்று திட்டியவர்கள் எத்தனையோ பேர் காலடியில் அவள் மண்டியிட்டிருக்கிறாள். அந்தப் பழக்கம்தான் இப்போதும் அவளைக் குனிய வைத்தது. வேறு பெயர் வைக்க அவளுக்கு மனமில்லை.

"கால நீட்டு."

நீட்டினான். அவள் பூட்ஸை மாட்டி முடிச்சுப் போட்டாள். அடுத்த காலையும் தானாகவே நீட்டினான்.

வோல்வோ மரமில்லின் வாசலைத் தாண்டியது. வெயில் ஏறியும் பாதையோரம் உறைபனியில் வெளுத்தே கிடந்தது. ஏரி வளைவு வருவதை எதைக்கொண்டு கண்டுபிடித்தானோ, ஹோல்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இங்க வழுக்கும். பாத்து ஓட்டு."

அவள் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தாள்.