மாடிக்குப் போன தாம்பூலத் தட்டு

எங்கள் மாடி போர்ஷனுக்குத் தாய்லாந்துக்காரி ஒருத்தி குடிவரப் போகிறாள் என்றதும், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு ஆண்களுக்கெல்லாம் திடீரென்று பூகோளத்தில் ஆர்வம் வந்துவிட்டது. பாங்காக் போய்வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. போகாதவர்கள்தான் விளக்கம் சொன்னார்கள். வந்தவளோ காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற, தடித்த கண்ணாடி போட்ட, காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் பூகோளம் வடிந்துவிட்டது.

அவளுக்குத் தமிழ் பேச வேண்டும் என்று கொள்ளை ஆசை. நம்மவர்கள் விட்டால்தானே? கடற்கரைப் பக்கம் வெள்ளைத் தோலைப் பார்த்தால் இங்கிலீஷ், கூடவே ஒரு "போன்ழூர்". இவள் முகத்தைப் பார்த்ததும் மணிப்பூர் என்று முடிவுகட்டி ஹிந்தியில் ஆரம்பித்துவிடுவார்கள். ஹிந்தி ஒழிக என்று இளமையில் கொடி பிடித்த மளிகைக் கடைக்காரர்கூட அவளிடம் "க்யா, க்யா?" என்பார். ஹிந்தி அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. "அண்ணா, துவரம்பருப்பு அரைக் கிலோ" என்று அவள் அழகாகக் கேட்டாலும், "அச்சா, அச்சா" என்று தலையாட்டிக்கொண்டே கடலைப்பருப்பை நிறுப்பார்.

அதனால் அவள் தமிழ் என் சமையலறையில்தான் வளர்ந்தது. நான் டீச்சர் இல்லை. வாய் ஓயாதவள், அவ்வளவுதான். கீரை ஆய்ந்துகொண்டே நான் பேசப் பேச அவள் பிடித்துக்கொண்டாள். நான் பேசுவதெல்லாம் எதைப் பற்றி? யார் யாரை மதிக்கவில்லை என்பதைப் பற்றித்தான். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது என் கணவருடைய பெரியப்பாவின் கதை. பிரெஞ்சுக் குடியுரிமை, அங்கிருந்து வரும் பென்ஷன், பேச்சுக்குப் பேச்சு ஒரு "மெர்சி" என்று வாழ்கிற மனிதர். எங்கள் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். நேரில் வந்து தட்டு வைத்து அழைக்கவில்லை என்று, எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. குடியுரிமைதான் பிரெஞ்சு. கோபம் சுத்தமான தமிழ்க் கோபம்.

"பத்திரிகை போய்ச் சேர்ந்துச்சு இல்லக்கா? அப்புறம் இன்னா?" என்று அவள் கேட்டாள்.

"பத்திரிகை தகவல்மா. வந்து கூப்ட்டாதான் மரியாதை" என்றேன்.

சிரித்தாள். அவள் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். ஆனால் ஒன்றையும் மறக்க மாட்டாள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன். அதற்கப்புறம் என் கிண்ணம் ஒரு வாழைப்பழமோ, ஒரு பிடி சர்க்கரையோ இல்லாமல் மாடியிலிருந்து இறங்கியதே இல்லை. என் கணவர் பொங்கலுக்குப் பொங்கல், வாய் நிறைய சோற்றோடு, "நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிம்மா" என்பார். அந்த 'மாதிரி' பின்னால் போய் எங்கே இடிக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பு வேலை முழுக்க என் கணவர் பொறுப்பு. சூடு கண்ட பூனையாக முதல் தட்டைப் பெரியப்பா வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். அப்புறம் ஊர் ஊராகச் சுற்றினார். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாடிக்கு முறுக்குக் கொடுத்தேன். மறுநாள் தட்டு திரும்பி வந்தது. நன்றாகக் கழுவி, துடைத்து, வெறும் தட்டாக.

இது கோபம்தான். மாடியேறிப் போய், "கல்யாணத்தன்னைக்கு உனக்கு நான்தான் பொடவ கட்டி வுடுவேன்" என்று பேச்சைத் தொடங்கினேன்.

"வர முடியாதுக்கா. காலேஜ்ல வேலை" என்றாள், சிரித்துக்கொண்டே.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. பொய் சொல்வது பெரிய விஷயமில்லை. பொய் என்று எதிராளிக்குத் தெரிய வேண்டும், ஆனால் கேட்கவும் முடியக் கூடாது. அந்த வித்தை நம் ஜனங்களுக்கே கல்யாணமாகிச் சில வருஷம் கழித்துத்தான் கைவரும்.

இறங்கி வந்து கணவரைப் பிடித்தேன். "மாடிக்குப் பத்திரிகை வச்சீங்களா?"

"வாட்ஸ்அப்ல போட்டனே. ரெண்டு டிக்கும் நீலமாச்சு."

"வாட்ஸ்அப்லயா?"

"மேலதான இருக்குது. வெளிநாட்டுப் பொண்ணு, இதெல்லாம் பாக்குமா?"

பெரியப்பாவிடம் அவ்வளவு பட்டும் புத்தி வராத மனுஷர். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்தது. கீழ்வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் இறங்கி வருகிறவள் அவள். அவள் இல்லாமல் என் மகள் மணையில் உட்காருவதை நினைக்கவே பிடிக்கவில்லை.

வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை என்று தட்டைத் தயார் செய்து, அவருக்கு வேட்டி கட்டவைத்து, மாடிக்கு ஏற்றினேன். அவள் எங்களை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். தட்டைத் தொடவில்லை.

"ஊரெல்லாம் கூப்ட்டு முடிச்சாச்சா மாமா? கடைசியா எங்க ஞாபகம் வந்துச்சா?"

இருப்பது தனி ஆள். 'எங்க' என்கிறாள்! பெரியப்பாவே எதிரில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார் இவர். "நீ வீட்டுப் பொண்ணு மாதிரி, அதான்..."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "குடித்தனக்காரின்னா தட்டு வச்சுக் கூப்டணும். வீட்டுப் பொண்ணுன்னா வேலை சொல்லணும். எனக்குத் தட்டும் வரல, வேலையும் வரல. அப்ப நான் யாரு மாமா?"

இவர் என்னைப் பார்த்தார். அவள் கேட்டதில் என்ன தப்பு? தட்டை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

"விடியக்காலமே எழுந்துக்கணும்" என்றேன் அவளிடம். "மண்டபத்து வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கணும், சந்தனம், கல்கண்டு குடுக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எவளாவது மூஞ்சியத் தூக்குனா நீதான் சமாளிக்கணும். காலேஜ்ல வேலைன்னுலாம் சொல்லக் கூடாது."

"சரிக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து அவள் வாசலை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஹிந்தியில் ஆரம்பித்தார்கள், பெரியப்பா பிரெஞ்சில் ஆரம்பித்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "மொதல்ல சந்தனம் எடுத்துக்குங்க."

கூட்டமெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு, கால் கடுக்க, கடைசிப் பந்தியில் எங்களோடு இலை முன்னால் வந்து உட்கார்ந்தாள். பாயசம் எங்கே என்று கேட்டாள்.

"தீந்துடுச்சும்மா" என்றார் பரிமாறுகிறவர். "வீட்டு ஆளுங்களுக்கு எப்பவுமே இருக்காது."

அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.