ஒரே இடத்தில் இருந்த பாட்டு

"ஒரு பாட்டு ரெண்டு இடத்துல இருந்தாத்தாம்மா இருக்குதுன்னு அர்த்தம். ஒரே இடத்துல இருந்தா இல்லன்னே நெனைச்சிக்க." ரெக்கார்டிங் தொழிலைப் பற்றி எனக்கு முதலில் இதைச் சொன்னவள் என் மூத்த மகள் கவிதா. மூன்று வருஷத்துக்கு முந்தி, கல்யாணமாகிச் சென்னைக்குக் கிளம்பின அன்று, தன் கம்ப்யூட்டரையும் மைக்கையும் என்னிடம் விட்டபோது சொன்னாள். நான் எட்டாவது வரை படித்தவள். பட்டனைத் தொடும் முன்னால் ஒரு தடவையும் தொட்ட பிறகு ஒரு தடவையும் முருகனைக் கூப்பிடுவேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பாட்டுப் பதிகிறவர்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

குக்கர்

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின் அறைதான் ஸ்டுடியோ. சுவரெல்லாம் பழைய போர்வை. ஃபேன் போட்டால் மைக்கில் இரையும், அதனால் பாடுகிறவரும் வேர்ப்பார், நானும் வேர்ப்பேன்.

சங்கராபுரம் பக்கத்துக் கோயில் தர்மகர்த்தா ஒருவர், கும்பாபிஷேகத்துக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போடும் அறிவிப்பைப் பேச வந்தார். கோபக்காரர் என்று கேள்வி. நாலு தடவை தடுமாறி, ஐந்தாவது தடவை தப்பில்லாமல் முடிக்கும் நேரம், நான் அடுப்பில் வைத்து மறந்த குக்கர் விசில் அடித்தது. பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர் சொன்னார்: "இருக்கட்டும் வுடும்மா. அன்னதானம் உண்டுன்னு நான் சொல்ல மறந்துட்டேன், அது சொல்லிட்டுது."

பூஜையில் வைத்த மைக்

ஆயுத பூஜை அன்று மைக்கையும், பாட்டுகளை இரண்டாவதாகச் சேர்த்து வைக்கிற ஹார்டு டிஸ்க்கையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்குப் பக்கத்தில் சாமி முன்னால் வைத்திருந்தேன். வைத்ததை மறுநாள் பூஜை முடிந்துதான் எங்கள் வீட்டில் எடுப்போம்.

பத்து மணிக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்து நின்றார்கள். சாமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தார்களாம். அவள் பெயர் பொன்னி. தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்காக அன்று சாயங்காலமே சேலம் போய்ச் சேர வேண்டும். குரல் திரும்பி வருமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. தை மாசம் மகளுக்குக் கல்யாணம், நலங்குப் பாட்டைப் பெற்றவள்தான் பாட வேண்டும்.

மைக்கை எடுத்தால் சாமி குற்றம். எடுக்காவிட்டால் இந்தப் பெண்ணின் குரல் போய்விடும். என் முழியைப் பார்த்த பொன்னி, சாமி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எடுக்காதீங்கக்கா. அது எங்க குந்திக்கினு இருக்குதோ அங்கயே குந்தி நான் பாடறேன்."

ஒரு காப்பி

ஒயரை மட்டும் பின் அறைக் கம்ப்யூட்டர்வரை இழுத்துச் சொருகினேன். குங்குமம் வைத்த மைக்கைப் பார்த்து அவள் பாடினாள். பாதியில் குரல் கம்மிப் போய், ஒரு வாய் வெந்நீர் குடித்து மறுபடி பிடித்தாள். பாட்டு கம்ப்யூட்டரில் ஏறியது. அவள் வீட்டுக்காரர் கையில் இருந்தது பட்டன் போன், அதற்கு அனுப்ப வழியில்லை. ஹார்டு டிஸ்க்கைத் தொட எனக்குத் துணிவில்லை. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

விளக்கு வைக்கும் நேரம் கரண்டு போய், வந்தது. வந்த வேகத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் 'பட்'டென்று ஒரு சத்தம், கருகின வாசனை. அப்புறம் எத்தனை தடவை அமுக்கியும் உயிர் வரவில்லை. மெக்கானிக் கடை பூஜைக்கு மூடினது மூன்று நாள் திறக்கவில்லை. கவிதாவுக்குப் போன் போட்டேன். அவள் திட்டவில்லை, அதுதான் ஜாஸ்தி பயமாக இருந்தது. மெதுவாகக் கேட்டாள்: "இன்னாம்மா, ரெண்டாவது இடத்துல இல்லவே இல்லியா?"

நான் சொன்ன பொய்

மூன்றாம் நாள் சேலத்திலிருந்து பொன்னியின் வீட்டுக்காரர் பேசினார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வருகிறது என்றார். பிறகு, "பாட்டு பத்திரமா இருக்குதுங்களாக்கா?" என்றார்.

"இருக்குதுங்க" என்றேன். வாய் கூசாமல் வந்துவிட்டது. அன்று முழுக்க நான் சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் போனை வைக்கும் முன் சொன்னதுதான் காதிலேயே நின்றது: "அதைத்தாங்க காலைலேர்ந்து கண்ணாலயே கேட்டுக்கினு இருந்தா. சொல்லிடறேன், நிம்மதியா தூங்கட்டும்."

இரண்டு விரல்

நாலாம் நாள் கடை திறந்தது. பெட்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், போர்டு வெந்துபோச்சு, உள்ளே பாட்டு இருக்கிற டிஸ்க் தப்பித்ததா என்பதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் தெரியும் என்றார். அவர் மாட்டுகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. பொன்னியின் குரல் கேட்டதும்தான் திறந்தேன்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். பொன்னி கழுத்தில் துண்டு சுற்றியிருந்தாள். குரல் இன்னும் வரவில்லை. "அன்னிக்கு நான் பொய் சொன்னேம்மா" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போனது. போர்டு மாற்றின கம்ப்யூட்டரில் பாட்டைப் போட்டு, அவளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். வெந்நீர் குடித்த இடம் வந்தபோது அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. முடிந்ததும் என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டி, சாமி பக்கம் கையை நீட்டி, வாயை அசைத்தாள். வீட்டுக்காரர் அதைப் படித்துச் சிரித்தார்: "ரெண்டா போட்டுக் குடுக்க சொல்றாக்கா. ஒண்ணு எங்க மலைக்கு, ஒண்ணு உங்க சாமிகிட்ட. சாமி பக்கத்துல பாட்டு இருந்தா நீங்க பொய் சொல்ல மாட்டீங்களாம்."

இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது மொத்தம் நாலு பட்டன்தான், மீதியெல்லாம் பயம். படித்து முடித்ததும், உங்கள் போனில் இருக்கிற வேண்டியவர் குரல் ஒன்றை இன்னொரு இடத்திலும் போட்டு வையுங்கள்.