உளுந்து மூட்டை மேல் இரண்டு டர்ன்டேபிள்

சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பிளேட் எடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுநாள், டிஜே டர்ன்டேபிள் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "அது என்னது, கிரைண்டரா?" என்று கேட்டான்.

மதினி சிரிக்கவில்லை. "கல்யாண வீட்டுல பயலுக காதுல மாட்டிக்கிட்டுச் சுத்துவாகளே, அதா?" என்றார்.

"அதேதான் மதினி. ஆனா அவுக வச்சிருக்கிறது பொத்தான் பெட்டி. நான் கேக்கிறது நெசத் தட்டு."

அந்த வருடம் மதுரையில் ஒரு மாடியில் நடந்த டிஜே வகுப்புக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். முதல் செட்டுக்குப் பொத்தான் பெட்டியே போதும், எல்லாம் ஒன்றிலேயே இருக்கும், விலையும் பாதிதான் என்று அங்கே சொல்லிக்கொடுத்தவர் தெளிவாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் வகுப்பின் மூலையில் இரண்டு டர்ன்டேபிள் இருந்தன. ஓடுகிற தட்டின் மேல் விரல்களை வைத்துப் பாட்டைப் பிடித்து, கொஞ்சம் பின்னால் இழுத்து, தாளம் வந்து சேரும் நேரம் பார்த்து விட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு பொத்தானை அமுக்கிப் பார்த்தால் லிப்டுக்குள் நிற்பது போலத்தான் இருந்தது.

இத்தனைக்கும் அந்தத் தட்டில் பாட்டே கிடையாது. விசில் மாதிரி ஒரே சத்தம்தான் அதில் பதிந்திருக்கும். ஊசி அதைத் தொட்டுக்கொண்டு ஓட, லேப்டாப் அதைக் கேட்டு நம்மிடம் இருக்கும் பாட்டை அதே வேகத்தில் ஓட்டும். தட்டை நிறுத்தினால் பாட்டு நிற்கும், பின்னால் சுற்றினால் பாட்டும் பின்னால் போகும். இதை மதினிக்கு விளக்கியபோது, "அப்ப தட்டு வெறும் ஸ்டியரிங்கு" என்றார். நான் பத்து வாக்கியத்தில் சொன்னதை அவர் நான்கு சொல்லில் முடித்துவிட்டார்.

மதினிக்குப் பட்டாசு கம்பெனியில் திரி சரிபார்க்கும் வேலை. தீபாவளி முடிந்து கம்பெனி சில வாரம் மூடியிருந்தது. வீட்டில் சும்மா இருக்க அவருக்குப் பிடிக்காது, அதனால் என்னோடு கடை பார்க்கக் கிளம்பிவிட்டார். போனஸையும் சேமிப்பையும் சேர்த்து என்னிடம் ஐம்பதாயிரம் இருந்தது. அதற்குள் இரண்டு தட்டும், இரண்டின் பாட்டையும் கலக்க நடுவில் வைக்கும் மிக்ஸரும் வந்தாக வேண்டும்.

முதலில் மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தது, ஜோடியும் என் பணத்துக்குள் அடங்கியது. கடைக்காரர் ஓடவிட்டுக் காட்டினார். நான் தட்டின் மேல் விரலை லேசாக வைத்தேன். அடியில் தட்டைத் தாங்கிச் சுற்றும் பிளேட்டும் சேர்ந்து நின்றுவிட்டது. விரலை எடுத்ததும் தூக்கத்திலிருந்து எழுந்த ஆள் போல மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. பெல்ட்டில் ஓடும் வகை அது. மோட்டார் நேராகப் பிளேட்டைச் சுற்றும் வகைதான் டிஜேக்கு ஆகும்.

"வீட்டுல உக்காந்து பாட்டுக் கேக்கலாம்மா, அருமையா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

"பாட்டுக் கேக்க எங்க வீட்டுல போன் இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு மதினி படி இறங்கினார்.

மறுவாரம் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய ஜோடி, நேர் மோட்டார் வகை, மிக்ஸரோடு. ஊர் விருதுநகர். பஸ் பிடித்துப் போனோம். மிளகாய் வத்தல் மண்டிகள் இருக்கும் தெருவில் நுழைந்ததுமே எனக்குத் தும்மல் ஆரம்பித்துவிட்டது. விளம்பரம் கொடுத்த வீட்டுக்காரர் வாசலிலேயே இரண்டு துணி மாஸ்க்கோடு நின்றார். முப்பதைத் தாண்டிய வயது. பெங்களூரில் சில வருடம் டிஜேயாக இருந்துவிட்டு, அப்பாவின் மண்டியைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தவர்.

"வாங்க, வாங்க. மொதல்ல இதக் கட்டிக்கோங்க. குடோன் கதவு தொறந்திருக்கு" என்றார்.

ஜோடி ஒரு போர்வைக்கு அடியில் இருந்தது. போர்வையை எடுத்ததும் மூன்று பேரும் சேர்ந்து தும்மினோம். கறுப்பு உடம்பில் அங்கங்கே கீறல். ஆனால் பொத்தானை அமுக்கியதும் பிளேட் சட்டென்று முழு வேகத்தில் சுற்றியது. தட்டை விரலால் பிடித்தேன். தட்டு மட்டும் நின்றது, அடியில் பிளேட் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே அதன் மேல் மனசு விழுந்துவிட்டது. ஆசை முகத்தில் தெரிந்தால் விலை இறங்காது என்று மதினி பஸ்ஸிலேயே எச்சரித்திருந்ததால் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன்.

பிளேட்டின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள் உண்டு. பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். வேகம் சரியாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். மதினி குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கட்டுக் கட்டாகக் குவியும் திரியில் ஒரு கோணல் திரியைக் கண்டுபிடிக்கிற கண் அது.

"ஏ புள்ள, இந்தப் பக்கத்துப் புள்ளி நிக்குது. அங்கன உள்ளது மெல்ல ஊருது பாரு."

பார்த்தேன். நிஜமாகவே ஊர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் மழுப்பவில்லை. "சரியாப் பிடிச்சுட்டீக. வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற கம்பிக்குள்ள வத்தல் தூசி போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்பிரேயை எடுத்து கம்பி ஓடும் இடைவெளியில் அடித்து, கம்பியை இருபது முப்பது தடவை மேலும் கீழும் தள்ளினார். புள்ளிகள் தடுமாறி, பிறகு நின்றன. "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இப்பிடிச் செய்யணும். மறைச்சு விக்க மாட்டேன்" என்றார்.

ஆனால் அவர் கேட்டது அறுபத்தைந்து. மதினி ஐம்பதுக்குத் தன்னால் ஆனமட்டும் பேசிப் பார்த்தார். கீறலைக் காட்டினார், தூசியைக் காட்டினார். அவர் அறுபதில் வந்து நின்றுவிட்டார். அதற்குக் கீழே போனால் தனக்கு மனசு கேட்காது, பெங்களூரில் வாடகை கட்டாமல் சேர்த்து வாங்கியது என்றார். அதோடு மதினியும் பேரத்தை நிறுத்திக்கொண்டார். ஒற்றைத் தட்டை மட்டும் வாங்கலாமா, அடுத்த போனஸ் வரைக்கும் காத்திருக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து பேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி டீயோடு வந்தார்.

"யாருக்கு வாங்குறீக? தம்பிக்கா?"

"எனக்குத்தான் அக்கா" என்றேன்.

அவர் டீத் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். "பொம்பளப்புள்ள டிஜேயா? அல்லாவே! எங்க நாத்தனாருக்கு வர்ற மாசம் நிக்காஹ். மெஹந்தி ஃபங்ஷன் மேல மச்சுல வைக்கோம். ஆம்பளைக ஒருத்தரும் வர முடியாது. போன கல்யாணத்துல என் போன்லதான் பாட்டுப் போட்டோம். ஆடுற நேரம் பாத்து கேஸ் சிலிண்டர்க்காரன் போன் பண்ணுதான்!" என்றவர் கணவன் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ள வந்து வாசிச்சுக் குடுக்கட்டும். மிச்சப் பத்தாயிரத்தக் கேக்காதீக."

அவர் மனைவியைப் பார்த்தார், டர்ன்டேபிளைப் பார்த்தார். "அம்புட்டுத்தான், வித்தாச்சு" என்று சிரித்தார்.

அடுத்த ஒரு மாதம் எங்கள் முன்னறையில் நடக்க இடமில்லை. அச்சகத்திலிருந்து வீணாய்ப் போன பட்டர் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்து வட்டமாக வெட்டி, தட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளித் துணிக்குக் கீழே போட்டேன். தட்டு வெண்ணெயாக வழுக்கியது. நான் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது தாளம் இடறினால், அடுப்படியிலிருந்தே மதினி "தட்டுது" என்பார். அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிவி பார்த்தான்.

மெஹந்தி அன்று மதியம் மச்சில் அறுபது எழுபது பெண்கள் இருந்தார்கள். முதல் பாட்டு நன்றாகவே போனது. இரண்டாவது பாட்டில் எல்லோரும் ஆட எழுந்தார்கள். அது பழைய மச்சு, மரப்பலகைத் தளம். ஆட்டத்துக்குப் பலகை குலுங்க, மேஜை குலுங்க, ஊசி துள்ளியது. ஊசி துள்ளியதும் பாட்டும் பல்லவியிலிருந்து நேராக முடிவுக்குத் துள்ளியது. ஆடியவர்கள் ஒரு கையைத் தூக்கியபடியே நின்றார்கள். திரும்ப ஆரம்பித்தேன், திரும்பத் துள்ளியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வகுப்பில் யாரும் எங்களைச் சுற்றி ஆடியதில்லையே!

மதினி மேஜைக் காலைக் கையால் தொட்டுப் பார்த்தார். "கீள என்ன சரக்கு கெடக்கு?" என்று வீட்டுக்கார அக்காவைக் கேட்டார்.

"வத்தலும் உளுந்தும்."

"வத்தல் வேண்டாம். உளுந்து நாலு மூட்ட வேணும். ஒரு கடப்பாக் கல்லும் வேணும்."

லோடு ஏற்றுகிற ஆட்கள் கீழே இருந்தார்கள், ஆனால் மேலே வரக் கூடாது. மருதாணி காயாதவர்கள் முழங்கையால் வழி காட்ட, மற்றவர்கள் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருபத்தைந்து கிலோ மூட்டைகளைப் படி வழியே இழுத்து வந்தார்கள். "ஏ, தாலாட்டுற மாதிரிப் பிடிக்காத, இறுக்கிப் பிடி!" என்று ஒரு பெரியம்மா கத்தினார். மணப்பெண் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கி, மேலே கல்லைப் போட்டு, அதன் மேல் டர்ன்டேபிளை வைத்தோம். குலுக்கல் எல்லாம் உளுந்துக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஊசி ஒரு தடவைகூட எழும்பவில்லை. மூட்டை தூக்கியவர்கள் தங்கள் உழைப்புக்குக் கூலியாக ஆளுக்கொரு பாட்டுக் கேட்டார்கள், அத்தனையும் போட்டேன். கடைசிப் பாட்டில் மதினியும் இறங்கி ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் விருதுநகர் வீட்டுக்காரர் போன் பண்ணினார். மூட்டைக் கதையைக் கேட்டு அடக்க முடியாமல் சிரித்தார். லேப்டாப்பில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றியிருந்தால் ஊசி துள்ளினாலும் பாட்டு துள்ளாதாம்.

மதினியிடம் சொன்னேன்.

"அந்தப் பொம்பளைககிட்ட மட்டும் சொல்லிறாத" என்றார். "அவுக அம்புட்டுப் பேரும் அந்த மூட்டையப் பத்தித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாக."

அது உண்மைதான். அந்த வாரமே சாத்தூரிலிருந்து ஒன்று, விருதுநகரிலிருந்து இரண்டு என்று ஆர்டர் வந்தது. மூன்றுமே பெண்கள் மட்டும் கூடுகிற விழாக்கள். கம்பெனி திறந்துவிட்டதால், தேதியை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கச் சொல்லும்படி மதினி எனக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.