பதினெட்டாவது ஸ்டேஜ்

இட்லிக் கடையில் நாலு இட்லி சொன்னால், தட்டு வந்ததும் நாலுதானா என்று பார்க்கிற ஆள் நான். ஒன்று கூடுதலாக இருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுவேன். பிறவிக் குணம் என்பார்கள் வீட்டில். பாதியாவது தொழில் கொடுத்த குணம் என்பது என் கட்சி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிற வேலை அப்போது எனக்கு. கண்ணாடி போட்டுக்கொள்ளப் பிடிக்காத ஆட்கள், காத்திருக்கும் நேரத்திலேயே சுவரில் இருக்கிற எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றிவிட்டு வேறு பலகையை மாட்டுவேன். அப்புறம் சத்தமே வராது. இப்படிப் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் புத்தி கோணாமல் இருக்கும்?

என் பொழுதுபோக்கு, டிவியில் மாட்டி ஆடுகிற பழைய வீடியோ கேம். ஊரெல்லாம் கம்ப்யூட்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்த 2009, 2010 காலத்தில், நானும் என் டிப்ளமோ நண்பனும் மட்டும் மஞ்சள் கேசட்டை வாயால் ஊதி ஊதிச் செருகி டாங்க் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தோம். திரைக்குக் கீழே ஒரு பருந்து இருக்கும். அதைச் சுற்றிச் செங்கல் சுவர். மேலேயிருந்து எதிரி டாங்குகள் இறங்கி வரும். பருந்தைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். முப்பது தாண்டிய, கல்யாணமான இரண்டு ஆண்கள் இதற்கு அடிமை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

அவன் சிதம்பரத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். நான் கடலூர். ஒன்றரை மணி நேர பஸ் தூரம்தான். ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் எஸ்எம்எஸ்தான். எந்த ஸ்டேஜில் செத்தோமோ அந்த எண்ணை உடனே அனுப்ப வேண்டும். கூடவே அவன் நாலு வரி கிண்டலும் சேர்த்து அனுப்புவான். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: ஒன்றாம் ஸ்டேஜிலிருந்து ஆட வேண்டும். ஏனென்றால் அந்த கேமில் ஒரு ஓட்டை உண்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் சாம்பல் நிறத் திரையில் ‘ஸ்டேஜ் 1’ என்று வந்து நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருக்கிற ரிமோட்டின் சிவப்பு பட்டனை அழுத்தினால் எண் ஏறிக்கொண்டே போகும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அங்கிருந்து தொடங்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு டிவி.

அவனுடைய அதிகபட்சம் பதினாலு, என்னுடையது பதின்மூன்று. மாதக்கணக்கில் அப்படியே நின்றது. ஒரு நாள் கடையில் முதலாளியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து ஆடினேன். ஏழிலேயே செத்தேன். எரிச்சல் தாங்கவில்லை. மறுபடி போட்டு, சிவப்பு பட்டனைப் பன்னிரண்டு வரை அழுத்தினேன். பதினெட்டில் செத்தேன். ‘18’ என்று அனுப்பினேன். பதினெட்டில் செத்தது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அதற்கப்புறம் எப்போது ஆடினாலும் பன்னிரண்டிலிருந்துதான் தொடங்கினேன்.

பதில் வரவில்லை. மூன்று வாரம் சத்தமே இல்லை. பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷப்பட்டது உண்மை.

அப்புறம் ஒரு நாள் ‘4’ என்று வந்தது. கிண்டல் இல்லை, ‘மச்சான்’ இல்லை, வெறும் நாலு. சில நாள் கழித்து 7. பிறகு 10. பிறகு 15. எனக்கு மண்டையில் மணி அடித்தது. பதினாலு வரை ஆடிய ஆள் நாலில் எப்படிச் சாவான்? சரி, செத்தான் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயிருந்து இவ்வளவு ஒழுங்காக, படி வைத்த மாதிரி எப்படி ஏறும்? நிஜ ஆட்டம் இன்றைக்குப் பன்னிரண்டு, நாளைக்கு ஐந்து என்றுதான் போகும். இவன் நம்பும்படியாக ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டுகிறான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அவன் வாயாடித்தனம் நின்றுபோனதும் எனக்கு ஒரு சாட்சி. பொய் சொல்கிறவன் அதிகம் பேசினால் மாட்டிக்கொள்வான் அல்லவா?

19 என்று வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். காலை பதினொன்று இருபது.

எங்கள் கடையில் லென்ஸ் வெட்டும் அக்கா தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் வீடும் நண்பன் வீடும் மேலவீதிக்குப் பின்னால், பக்கத்துப் பக்கத்துத் தெரு. சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

“அக்கா, ஒங்க பக்கம் இப்ப எப்ப கரண்ட் போவுது?”

“இந்த மாசம் பத்துலேர்ந்து பன்னெண்டுப்பா. டான்னு புடுங்கிடுவானுங்க. ஏன் கேக்குற?”

“சும்மாதான்.”

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு ஆடினான் என்றே வைத்துக்கொண்டாலும், பதினொன்று இருபதுக்கு மேலவீதியில் கரண்டே கிடையாது! இருட்டு டிவியில் பத்தொன்பதாம் ஸ்டேஜ் ஆடியிருக்கிறான் ஐயா. அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களையும் கவனித்தேன். எல்லாமே பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். ஆளைப் பிடித்துவிட்டேன். நான் செய்த பித்தலாட்டம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை என்று சொல்ல மாட்டேன். நினைவில் இருந்தது. அவனும் அதையேதான் செய்கிறான் என்று நிரூபித்துவிட்டால், என்னுடையது கழிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கிளம்பினேன். பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று சாக்குச் சொல்லி ஆடிக் காட்டாமல் தப்பித்துவிடுவான். கேசட் போய்விட்டது, அடாப்டர் எரிந்துவிட்டது என்றும் சொல்லக்கூடும். ஆகவே என் கேசட்டையும் அடாப்டரையும் பையில் எடுத்துக்கொண்டேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து சிதம்பரம் வருகிற வரை, அவனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவன் வீட்டுக்கு முன்னால் நின்றபோது மணி ஒன்பதே கால். உள்ளேயிருந்து டாங்க் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆடிக்கொண்டிருக்கிறான், நல்லது, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கதவைத் தட்டினேன். அவன்தான் வந்து திறந்தான்.

ஆனால் உள்ளே டாங்க் சத்தம் நிற்கவில்லை.

“டேய் மச்சான்! என்னாடா, சொல்லாம கொள்ளாம?” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. தோளில் கிடந்த துண்டை இழுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டான். அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். அவன் மனைவி தரையில் சம்மணம் போட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பக்கூட இல்லை.

“யாருங்க அது? செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க. இருவத்தி ஒண்ணுல இருக்கேன்.”

இருபத்திரண்டில்தான் அவள் செத்தாள். நான் நின்றபடியே பார்த்தேன். எதிரி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை.

“அப்ப எனக்கு அனுப்புனதெல்லாம்…” என்றேன் அவனிடம்.

“அவ ஆடுனதுதான்டா.” துண்டை எடுத்துவிட்டுக் கையைக் காட்டினான். வலது கட்டை விரல் பாதிதான் இருந்தது. மிச்சமும் மடங்காமல் விறைத்து நின்றது. பட்டறையில் இரும்புத் துண்டு நழுவி விழுந்து நசுங்கியதாம். இப்போது லேத் பக்கம் விடுவதில்லை, ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். “காலைல கரண்ட் போறதுக்குள்ள ஆடிட்டு எனக்குப் போன்ல சொல்லிடுவா. டீ டைம்ல நான் ஒனக்கு அனுப்புவேன். எடது கையால அடிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடுது. அதான் நம்பர் மட்டும்.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ ஆட்டத்த நிறுத்திடுவ. பாவம்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு அதோட வுட்டுடுவ.”

பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள்.

“இப்ப நீங்க ஆடுங்கண்ணா. பதினெட்டு ஆடுன ஆளுன்னு இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நேர்ல பாக்கணும்னு எனக்கு ஆசை.”

இன்னொரு நாள் என்றேன். கண் வலி என்றேன். கண்ணாடிக் கடைக்காரனுக்கே கண் வலியா என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். மணி பத்தானால் கரண்ட் போய்விடும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை. வேறு வழியில்லாமல் ரிமோட்டை வாங்கி ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

சாம்பல் திரை வந்தது. ‘ஸ்டேஜ் 1’. சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. இத்தனை மாதமாக விரலுக்கு அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது. சிவப்பு பட்டன்மேல் போய் டக் டக் டக்கென்று அழுத்தியது. பன்னிரண்டு வந்ததும் தானாக நின்றது.

நண்பன் குனிந்து டிவி சத்தத்தைக் குறைத்தான்.

“எப்பலேர்ந்துடா?” என்றான்.

“பதினெட்டுலேர்ந்து.”

“நான் ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக்கிட்டு கெடக்கேன், அப்பதான் உன் பதினெட்டு வருது. இவகிட்ட போனக் காட்டி, நீ கத்துக்க, இவன எப்படியாவது தாண்டணும்னு சொன்னேன். அந்த ஒரு மெசேஜ வெச்சிக்கிட்டுதான்டா அந்த மூணு வாரத்த ஓட்டுனேன்.”

“அப்போ பதினெட்ட யாருமே ஆடலியா?” என்றாள் அவள். கண் அகல என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “நான்தான் மொத ஆளா?” அவளுக்கு வந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. நியாயமான சந்தோஷம்தான். அவன் அதற்குச் சிரிக்கவில்லை.

பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவன் என்னை ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகமெல்லாம் என் வேலையாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவன் கேமை அணைத்து மறுபடி போட்டான்.

“ஒண்ணுலேர்ந்து ஆடு.”

ஆடினேன். சாம்பல் திரை வந்தபோது அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டிவியைப் பார்க்கவில்லை. என் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.