அஞ்சு ஏன் அண்ணாச்சி

குல்ஃபி மணி அடித்ததும் கத்தரிக்கோல் நின்றது. துணி மடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. பில் போட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். கூரையோரமாக ஓடும் மஞ்சள் நைலான் கயிற்றை இழுத்தவர் பாஞ்சாலி. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து இங்கே வேலைக்கு வருபவர். கயிற்றின் மறுமுனையில் ஒரு பழைய குல்ஃபி வண்டி மணி கட்டியிருக்கிறது. கடைக்குப் புதிதாக வந்தவர்கள் மட்டும் வாசலை எட்டிப் பார்த்து வண்டியைத் தேடினார்கள்.

கடைக்கோடியிலிருந்து முதலாளி சண்முகசுந்தரம் அண்ணாச்சி வேட்டி நுனியைப் பிடித்தபடி விரைந்து வந்தார். பாஞ்சாலிக்கு எதிரே நின்று இடுப்பை மடக்கி ஒரு வணக்கம் போட்டார்.

"ரொம்ப நன்றிம்மா. என்ன தப்பைக் கண்டே?"

"லைனிங் துணி அண்ணாச்சி. நனைச்சதுன்னு சீட்டு ஒட்டிக்கீது. நனைக்கவே இல்ல. வாங்கிக்கினு போனா சுருங்கிப்பூடும்."

"ஏன் நனைக்கல?"

"மாடித் தொட்டில தண்ணி இல்ல."

"ஏன் தண்ணி இல்ல?"

"மோட்டாரு போடல."

"ஏன் போடல?"

"போடுற ஆளு டீ குடிக்கப் போய்க்கீறாரு."

"இந்த நேரத்துல ஏன் போனான்?"

"காலைல போறேன்னு சொன்னதுக்கு நீங்க வுடல."

"நான் ஏன் விடல?"

"அத்த நீங்கதான் சொல்லணும்."

அண்ணாச்சி வேலையாட்களின் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து பத்தரைக்கு எல்லாருக்கும் டீ" என்று அறிவித்தார். இசக்கியம்மாள் பேனாவைத் திறந்தார். கடை மறுபடி ஓடத் தொடங்கியது. என் மனைவி வெட்டிக் கொடுத்தனுப்பிய புடவைத் துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் நிற்கிறேன்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் நம்மை ஒப்படைத்துவிட்டால் நாம் நடக்கவே வேண்டாம், அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரு சந்து பிரிகிற இடத்தில் மட்டும் சாமர்த்தியமாக வெளியே குதிக்க வேண்டும். அந்தச் சந்தில் மூன்றாவது கடை அண்ணாச்சியின் மேட்சிங் சென்டர். ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை. இங்கே வந்து வெறுமனே 'பச்சை' என்று கேட்டால் மரியாதை கெட்டுவிடும். கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாட்டில் பச்சை, மயில்கழுத்து என்று ஒரு சுவர் முழுக்கப் பச்சை இருக்கிறது. எனக்குக் கலரும் தெரியாது, காரும் தெரியாது. கலரை வீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காரைப் பற்றி அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார், நான் கேட்காமலே.

"டொயோட்டாக்காரன் யாரு தெரியுமா சார்? நம்ம ஆளு."

முதல் தடவை கேட்டபோது அவர் ஊரான திருச்செந்தூர்ப் பக்கமோ என்று திகைத்துப்போனேன். ஜவுளிக்காரர் என்று அதற்குப் பொருளாம். ஜப்பானில் சாக்கிச்சி டொயோடா என்று ஒரு தச்சர் மகன். அம்மா தறியில் உட்கார்ந்து படுகிற பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் தறியைத் திருத்தத் தொடங்கினார். முதலில் மரத்தறி, அப்புறம் விசைத்தறி, அப்புறம் தானியங்கித் தறி. ஒரு நூல் அறுந்தால் போதும், அந்தத் தறி தானாகவே நின்றுவிடும். அதன் உரிமையை ஓர் இங்கிலாந்துக் கம்பெனி விலை கொடுத்து வாங்கியது. மகன் கீச்சிரோ அப்பாவின் தறி ஆலையிலேயே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கார் செய்ய உட்கார்ந்துவிட்டார். இத்தனையும் மாம்பலம் நடைபாதையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தில் அண்ணாச்சி படித்தது. "இங்கிலீஷ்காரன் துணியை ஊரே வாங்கிட்டுக் கிடந்த காலத்துல, அவனுக்கே தறியை வித்தாம் பாத்தீயளா!" என்று சொல்லும்போது, அந்தப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே தான்தான் என்பது போல நெஞ்சை நிமிர்த்துவார்.

கயிறும் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். நூல் அறுந்தால் தறி நிற்கிற மாதிரி, தப்பு நடந்தால் கார் ஆலையும் நிற்க வேண்டும் என்று அவர்கள் தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார்களாம். யாரும் இழுக்கலாம். இழுத்தவருக்கு நன்றி சொல்லி, 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டால் தப்பின் வேர் கைக்குச் சிக்கிவிடும். படித்து முடித்த மறுநாளே அண்ணாச்சி கடையில் ஆணி அடித்துவிட்டார். இந்த 'ஏன்' வீட்டுக்கும் போயிற்று; ஆனால் நீடிக்கவில்லை. அவர் மனைவி இசக்கியம்மாளே சொன்னார்: "ரசத்துல உப்பு இல்லன்னு ஒருநா ஏன், ஏன்னு ஆரம்பிச்சாவ. அஞ்சாவது ஏன்ல எங்க அப்பா போட்ட நகை வரைக்கும் வந்து நிக்காவ. இனிமே இந்த வேலைய எல்லாம் கடையோட வச்சிக்கிடுங்கன்னுட்டேன்."

இந்த டொயோட்டா பக்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணாச்சி பிறந்தது எட்டாம் தேதி. சனிக்கு உரிய எண் என்று சின்ன வயதிலிருந்தே ஊரார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் தேதியைக் கேட்டதும் காப்பியோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்தார். டொயோடா என்ற குடும்பப் பெயரைக் கம்பெனிக்காக டொயோட்டா என்று மாற்றினார்களாம். ஜப்பானிய எழுத்தில் அதை எழுத எட்டுக் கோடுகள், எட்டு அங்கே ராசியான எண். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "அம்பது வருசமா என்னைய ஏமாத்திட்டானுவளே!" என்று கண் கலங்கினாராம்.

அந்த வாரமே கார் வாங்கினார். பழைய கார் தரகர் ஹபீபுர் ரஹ்மானிடம் 2004ஆம் வருடத்து டொயோட்டா குவாலிஸ் ஒன்று யாரும் சீண்டாமல் நின்றது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. நம்பர்தான் 4013. கூட்டினால் எட்டு, பின்பாதி பதின்மூன்று. "நம்பரைப் பாத்துக்குங்க அண்ணாச்சி, பின்னாடி என்னைத் திட்டக் கூடாது" என்று தயங்கிய ஹபீபை அண்ணாச்சி கட்டிப்பிடித்துக்கொண்டார். தியாகராய நகரில் கார் நிறுத்த இடம் ஏது? அதனால் வண்டி ஆதம்பாக்கம் வீட்டு வாசலில் நிற்கும், முதலாளி மின்சார ரயிலில் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு பெசன்ட் நகர். "சாவியத் திருகுனா எழும்பிரும் சார். எம் பிள்ளைய கூட அம்புட்டுச் சீக்கிரம் எழும்பாதுவ" என்பார். மூன்று மாதமாக வண்டி உறை போர்த்திக் கிடக்கிறது. கேட்டால், "டீசல் வாடை ஆக மாட்டேங்குது" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

இந்த ஆவணியில் கடையில் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: அண்ணாச்சி எப்போது வாயைத் திறப்பார்? மகள் தாரணி வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்து, புடவையையும் துணியையும் பகல் வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்து, ஷேடு சரியா என்று சொல்கிறவள். டியூப் லைட்டை நம்பி அந்தக் கடையில் ஒரு துண்டும் வெட்டக் கூடாது. அம்மாவின் ஜாக்கெட் துணிக்காக வந்த சாய்நாத் என்ற பையன், அதே வெங்காயத் தோல் கலரைத் தேடி ஒரே மாதத்தில் நான்கு முறை வந்தான். ஐந்தாவது முறை அவன் அப்பா அம்மாவே பூ பழத்தோடு ஆதம்பாக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டில் தெலுங்கு. அண்ணாச்சி அதைப் பொருட்படுத்தவில்லை. "டொயோட்டாக்காரன் மட்டும் தமிழா பேசுதான்?" என்று கேட்டுவிட்டார். பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கொரியக் கார் கம்பெனியில் வேலை என்று தெரிந்ததும்தான், "பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

பதினேழு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாய்நாத்தின் அப்பா கடைசியில் இசக்கியம்மாளுக்கு போன் செய்து, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா வேற இடத்துக்கு நாங்க பதில் சொல்லியாகணும்" என்று பணிவாகவே சொன்னார். தாரணி அந்த வாரம் முழுக்க யாரிடமும் சிரிக்கவில்லை. எனக்குக்கூட அரக்குக்கும் குங்குமத்துக்கும் வித்தியாசம் விளக்காமல் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அண்ணாச்சியின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் நடுவே தொங்கவிடுகிற மனிதரை என்ன சொல்வது?

சனிக்கிழமை மாலை நான்கு மணி. மறுநாள் முகூர்த்தம், கடையில் மூச்சு விட இடமில்லை. குல்ஃபி மணி அடித்தது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். திரும்பிப் பார்த்தால், ஸ்டூலின் மேல் ஏறி நின்று கயிற்றை இழுத்தவள் தாரணி.

அண்ணாச்சி வந்தார். மகள் என்றும் பாராமல் இடுப்பை மடக்கினார்.

"நன்றிம்மா. என்ன தப்பு?"

"சாய்நாத் வீட்டுக்கு நாளைக்குள்ள பதில் சொல்லணும். நீங்க இன்னும் சொல்லல."

"இது கடைத் தப்பு இல்லியேம்மா."

"தப்பு எங்க இருந்தாலும் நிறுத்தணும்னுதானே கயிறு கட்டினீங்க? கேளுங்கப்பா."

அண்ணாச்சி இசக்கியம்மாளைப் பார்த்தார். அவர் பேனாவை மூடி இழுப்பறைக்குள்ளேயே போட்டுவிட்டார். மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர், "சட்டுனு கேளுங்கோ அண்ணாச்சி, ஆத்துல டெய்லர் வந்து காத்துண்டிருக்கான்" என்று அவசரப்படுத்தினார்.

"ஏன் சொல்லல?" என்றார், பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்காத குரலில்.

"கொரியாக் கம்பெனின்னு யோசிக்கிறதா சொல்றீங்க."

"ஏன் யோசிக்கேன்?"

"நீங்க யோசிக்கவே இல்ல. அது சாக்கு. போன மாசம் நந்தனத்துக்கு டாக்ஸியில போனீங்களே, அது அவங்க கம்பெனி கார்தான். ஏசி என்னமா கிடக்குன்னு அம்மாகிட்ட ரெண்டு நாள் புகழ்ந்தீங்க."

கடை கொல்லென்று சிரித்தது. அண்ணாச்சி இசக்கியம்மாளை முறைத்தார்; அவர் கூரையைப் பார்த்தார்.

"சாக்கு ஏன் சொல்லுதேன்?"

"நான் போயிட்டா இந்த ஸ்டூல்ல உக்கார ஆள் இல்ல."

"ஏன் இல்ல? நான் ஒருத்தன் கல்லு மாதிரி நிக்கேம்லா?"

"நீங்க உக்கார மாட்டீங்கப்பா. மூணு மாசமா நீங்க ஒரு ஷேடும் பாக்கல. எது வந்தாலும் 'தாரணி, ஒருக்கா பாரு'ன்னு என்கிட்டதான் அனுப்பறீங்க. வண்டியையும் எடுக்கல."

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு பச்சைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டால் அப்படியே நின்றிருப்பார்.

"அண்ணாச்சி, நாலுதான் ஆச்சு" என்றார் பாஞ்சாலி. "இன்னும் ஒண்ணு கீது."

"நான் ஏன் பாக்கல?" என்றார் அண்ணாச்சி. இந்த முறை தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். அவரேதான் சொன்னார்.

"கண்ணுல புகை அடிச்சாப்ல இருக்கும்மா. நேவி ப்ளூவும் கருப்பும் ஒண்ணாத் தெரியுது. இந்தச் சுவர் பூராவும் எனக்கு ஒரே பச்சைதான். கண்புரை, ஆபரேஷன் பண்ணணும்னுட்டாரு டாக்டரு. நந்தனத்துக்கு அதுக்குத்தான் போனேன். மேட்சிங் கடைக்காரனுக்குக் கண்ணு தெரியலன்னா எவ வருவா? எனக்குப் பயமா இருக்கும்மா. நீயும் போயிட்டா நான் யாரைக் கூப்பிட்டு 'ஒருக்கா பாரு'ன்னு சொல்லுவேன்?"

நான் மனசுக்குள் திட்டியதெல்லாம் எனக்கே உறைத்தது. இசக்கியம்மாள் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். கண்ணில் தண்ணீர், வாயில் வசவு. "இதுக்குப் போயா பிள்ளைய அழ வச்சீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு? எங்க அத்தைக்குக் காலைல ஆபரேஷன் பண்ணாவ, சாயந்தரம் உக்காந்து சீரியல் பாத்தாவ!"

மயிலாப்பூர் மாமி மட்டும் கலவரத்தோடு பையைத் திறந்து, "அப்போ போன வாரம் எனக்குக் குடுத்த வாடாமல்லி?" என்றார்.

"அது நான் பாத்தது மாமி" என்றாள் தாரணி.

"அப்பாடா" என்று மாமி பையை மூடினார்.

வேர் கிடைத்தபின் அதைச் சரி செய்யாமல் கடை ஓடக் கூடாது. அது அண்ணாச்சியே போட்ட சட்டம். இருபது முப்பது பேர் கையில் துணியோடு காத்திருந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். விரலால் தடவினார். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார், மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். பிறகு தாரணியின் பக்கம் அதை நீட்டினார்.

"சாய்நாத் அப்பா நம்பர் இதுல எங்கன கிடக்குன்னு, ஒருக்கா பாரு."