வாய் திறந்தபடி நின்ற கீதம்

வெளிநாட்டுக் கம்பெனிகளின் நெட்வொர்க்கை எல்லாம் சிறுசேரியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்பவர் என் வீட்டுக்காரர். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு ரூட்டர் மட்டும், கனெக்‌ஷனோடு இலவசமாக வந்த நாளிலிருந்து ஃப்ரிட்ஜ் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பார். இதைச் சொல்ல ஒரு இன்ஜினியரா?

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என் பாட்டைக் கேட்டதெல்லாம் கொலு வைத்த வீடுகள்தான். இரண்டாயிரங்களின் கடைசியில், அமெரிக்காவிலிருந்து ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டர் வழியாக என்னிடம் பாட்டுக் கற்க வந்தாள். என் முதல் மாணவி. 'டீச்சர்' என்று அவள் கூப்பிட்டால் அன்றைக்குச் சமையல்கூட நன்றாக வரும். ஆனால் சனிக்கிழமை காலை நான் பாட ஆரம்பித்தால் படம் உறைந்துவிடும், குரல் பாதியில் போய்விடும். கடைசியில் அவள் அம்மா, "இன்னும் ஒரு க்ளாஸ் பார்ப்போம், மேடம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அன்று நான் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய ரூட்டரைப் பையில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இத்த வெச்சிகினா இம்மாம் நாளு ஓட்டினீங்க?" என்றார். என் மனசு குளிர்ந்தது. இரண்டு ஆன்டெனா வைத்த புதிய ரூட்டர் வாங்கி, ஹாலில் என் ஸ்ருதிப்பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை படம் பளிச்சென்று தெரிந்தது. பழைய பாடத்தைப் பாடச் சொன்னேன். மோகன ராகத்தில் ஒரு கீதம். முதல் வரி அருமை. இரண்டாவது வரியில், திறந்த வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"போச்சு" என்றேன். வீட்டுக்காரர் ரூட்டர் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். அப்போது அவளுக்குப் பின்னால் அவள் அம்மா கையில் தட்டோடு நடந்து போனார்.

ரூட்டர் நன்றாகத்தான் இருந்தது. பெண்தான் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு மீதியைப் பாடி முடித்தாள்.

"அங்க ஏம்மா நிறுத்தின?"

"நீங்க அப்படித்தான பாடுவீங்க, டீச்சர்?"

அவள் அம்மா தட்டோடு திரும்பி வந்தார். "வாரமெல்லாம் இப்படித்தான் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறா, மேடம். அதுவும் பாடம்னு நெனச்சேன்" என்றவர், சொல்லும்போதே சிரித்துவிட்டார். "மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க."

அந்தப் பெண் அதன்பிறகு பல வருடம் என்னிடம் கற்றாள். கீதத்தையும் சரியாகப் பாட வைத்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டாவது வரி வரும்போது இன்றைக்கும் என் வாய் ஒரு நொடி நின்றுவிடுகிறது. உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்கிறார்.