ஸ்டீலை விடாத ஆரோக்கியம் அண்ணன்

ஆரோக்கியம் அண்ணன் இறந்த செய்தி முதலில் எனக்கு வரவில்லை. மஸ்கட்டில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த கோல்ஃப் மட்டை ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டுத்தான் அன்னவாசலில் இருக்கும் எனக்குத் தெரிந்தது. இங்கே பக்கத்தில் இருக்கிற அவர் ஊரான குளத்தூர்ச் சாவு கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டுமா? அழுகைக்கு முன்னால் அந்தக் கோபம்தான் வந்தது. அவரையும் என்னையும் அறிந்த நீங்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டீர்கள். அவர்மேல் எனக்கு முதலில் வந்தது பொறாமை. மரியாதை வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

மட்டையின் தண்டு யாருக்கு ஸ்டீல், யாருக்கு கிராஃபைட் என்று முடிவு செய்வது எங்கள் இருவர் வேலை. ஸ்டீல் கனம், பந்து நினைத்த இடத்துக்குப் போகும், அடியின் அதிர்வு முழங்கைக்கு ஏறும். கிராஃபைட் லேசு, கைவலிக்காரர்களுக்குத் தோது. நான் மெஷினில் வீச்சின் வேகத்தை அளந்து சொல்வேன். அவர் கைகுலுக்கிவிட்டு, காலையில் எழுந்ததும் எந்த விரல் மடங்க மறுக்கிறது என்று கேட்பார். அவ்வளவுதான். நான் சும்மா நின்றாலும் மட்டை வாங்க வருகிறவர்கள் அவருக்காகத்தான் காத்திருப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு பெரியவர் ஸ்டீல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். மெஷினும் சரி என்றது, போட்டுக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் முழங்கையில் கட்டோடு வந்து நின்றார். அண்ணன் கிராஃபைட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். அப்புறம் என்னிடம், "ஸ்டீல் கேக்குறது கை இல்ல தம்பி, வீம்பு. நீ கையப் பாரு" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அந்த மாதமே அவர் மேஸ்திரியானார். நான் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, கண்மாய் வற்றும் மாதங்களில் ஞாயிறுதோறும் இருவரும் அதற்குள் பந்தடிப்போம். இருவருமே ஸ்டீல். அவர் பந்து எப்போதும் என்னுடையதைவிடப் பத்துத் தப்படி தள்ளித்தான் விழும். ஒரு ஞாயிறாவது அவரைத் தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. போன வருடம் என் முழங்கை போய்விட்டது. வாளி தூக்க முடியவில்லை. அவர் கவனித்துவிட்டு, கிராஃபைட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"மொதல்ல நீங்க மாத்துங்கண்ணே. அப்பறம் நான் மாத்துறேன்" என்றேன்.

"எனக்கென்னப்பா, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரித்தார். பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் மதினி அவருடைய மட்டைப் பையை எடுத்து வந்தார்.

"இங்கிட்டு உக்காருங்க தம்பி. ரெண்டு வருசமா அவுகளுக்குச் சட்டைப் பித்தான் நாந்தான் போட்டு விட்டேன். கை அம்புட்டு வலி. ஞாயித்துக்கெழம மட்டும் மாத்திரையப் போட்டுக்கிட்டுக் கெளம்பிருவாக. லேசானத எடுங்கன்னு கெஞ்சுவேன். மொதல்ல நான் மாத்துனா அவன் செயிச்சதா ஆயிரும்ல, எம் பந்து தூரமாப் போனாலும் அவன் கைவாகு எனக்கு வராதுன்னு பொறாமையாச் சொல்லுவாக" என்றார்.

கண்மாய்க்குள் இரண்டு கிழவர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் வீம்புக்கு வலியைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். அந்த வீட்டில் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன்.

நண்பர்களே, உங்கள் எல்லோரிடமும் அவர் பிரியமாக இருந்தார். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் பொறாமைப்பட்டது என் ஒருவனைப் பார்த்துத்தான். அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.